முதலில் கிடங்கைப் பாருங்கள்: ஆசிய தேசிய நூலக இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிய, ஓசியானிய தேசிய நூலகங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். 1979இல் கான்பராவில் முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து நீங்கள் ஒருவரோடொருவர் பேசிவருகிறீர்கள். அந்தப் பேச்சில் ஒரு வாசகனின் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்கும் முன் நூல்களை வைத்திருக்கும் கிடங்குக்கு ஒதுக்குங்கள்.

மின்னாக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பழைய தமிழ் இதழ்களைத் தேடிப் படிப்பவன் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நூலகப் பாதுகாப்பு என்றாலே எத்தனை லட்சம் பக்கம் ஸ்கேன் செய்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1930களின் இதழ்த் தொகுதி ஒன்று. பைண்டிங்கை இறுக்கித் தைத்திருப்பதால் உள் ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்துகள் மடிப்புக்குள் போயிருக்கும். மடித்து வைத்த படம் விரிக்கப்படாமலே படமாகியிருக்கும். ஒரு பக்கத்தில் ஊழியரின் கட்டைவிரல். சரி, மூலத்தைப் பார்ப்போம் என்று கேட்டால் அது ‘கொடுக்கும் நிலையில் இல்லை’. கொடுத்தாலும் தாளைப் புரட்டும்போது மூலை ஒடிந்து மேசைமேல் தூளாக விழும்.

இதற்குக் காரணம் வயது மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்து, படிகாரமும் பிசினும் சேர்த்த தாள் தன் அமிலத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட அது வேகமாகத் தன்னைத் தின்கிறது. நம் நாடுகளின் அச்சு வரலாற்றில் பெரும்பகுதி இந்தத் தாளில்தான் இருக்கிறது. செய்தித்தாள்களின் கதி இன்னும் மோசம்.

இந்த இடத்தில்தான் நம் கிடங்குகள் தவறுகின்றன. குளிர்சாதனம் அலுவலக நேரத்துக்கு ஓடுகிறது, மாலையில் பூட்டும்போது நிறுத்தப்படுகிறது. மின்கட்டணம் மிச்சம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பகலெல்லாம் குளிர்ந்திருந்த அட்டையின்மேல் இரவின் ஈரக்காற்று படிகிறது. ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கும் அதுதான் விருந்து. இப்படித் தினமும் ஏறி இறங்குவதைவிட, சற்று வெப்பமாக இருந்தாலும் ஒரே நிலையில் இருக்கும் அறை நூலுக்கு நல்லது. குளிர்நாட்டுக் கையேட்டில் உள்ள 18 பாகை செல்சியஸை எட்ட முடியவில்லை என்று கைவிரிக்க வேண்டாம். காற்றோட்டம், ஈரம் உறிஞ்சும் கருவி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் அலமாரி, ஒழுகாத கூரை. இவை பெரிய பணம் கேட்பவை அல்ல. திறப்பு விழாவுக்கு உதவாதவை என்பதால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுகின்றன என்றே நினைக்கிறேன்.

நகல் இருக்கிறதே என்ற தைரியத்துக்கும் நம்மிடமே பாடம் உண்டு. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதைவதாக முதலில் புகார் எழுந்தது 1950களில், இந்திய அரசிடமிருந்து. வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த சுருள்கள் அவை. பிறகு அதே வகை பிலிமில் நூல்களை நகலெடுத்த நுண்படங்கள் (மைக்ரோபிலிம்) பல நூலகங்களில் காடி வாசத்தோடு சுருண்டன. அசிடேட் தாளை இருபுறமும் ஒட்டி ஆவணங்களைக் காப்பாற்றிய முறையும் நம் ஊரில் நெடுங்காலம் நடந்தது. அந்தப் படலத்தைப் பிரிப்பது இன்று தனி வேலையாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. மூலம் நல்ல நிலையில் இருந்தால் இன்னொரு முறை நகலெடுக்கலாம்.

கொல்கத்தா தேசிய நூலகத்தில் வையாபுரிப்பிள்ளையின் சேகரிப்பு இருக்கிறது. தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்தவர் சேர்த்த ஓலைச்சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் ஹூக்ளிக் கரையின் ஈரக்காற்றில் வாழ்கின்றன. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி தமிழ்நாட்டில் அச்சாகும் நூலும் அங்கே ஒரு படி போக வேண்டும். ஆகவே அந்தக் கிடங்கின் இரவுநேரக் காற்று எனக்கும் சொந்த விஷயம்.

அடுத்தது ஆட்கள். 1924இல் திறந்த கம்போடிய தேசிய நூலகம் போல் போட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் நூல்களை இழந்தது. அதைவிடக் கொடுமையாக, தன் ஊழியர்களில் பெரும்பாலோரை இழந்தது. எந்தக் கட்டு எங்கே என்று அறிந்தவர்கள் போனபின் மிஞ்சிய நூல்களை ஒழுங்குபடுத்துவதே பெரும்பாடானது. நம் நூலகங்களில் வன்முறை ஏதும் இல்லாமலே, ஓய்வு பெறும் பைண்டரின் இடத்தை நிரப்பாமல் விட்டே அந்த அறிவைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். கோதுமைப் பசையை எந்தப் பதத்தில் காய்ச்சுவது, மெல்லிய ஜப்பானியத் தாளை எப்படிக் கிழித்து ஒட்டுவது, சுவடிக்கு எப்போது புல்தைலம் தடவுவது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. 1992 முதல் 2004 வரை ஜெர்மனியின் உதவியோடு சுவடித் திட்டத்தை நடத்திய லாவோஸ், ஓலைகளை அந்தந்த விகாரையிலேயே வைத்துக் காக்கும் வழியை எடுத்தது. பணக்கார நாடு அல்ல அது.

பேரிடரையும் தனித்தனியாக எதிர்கொள்ள வேண்டாம். 2015 நிலநடுக்கத்தில் நேபாள தேசிய நூலகத்தின் கட்டடம் சேதமடைந்தது. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் இவாத்தே பகுதியில் நனைந்த ஆவணங்களைச் சீர்செய்ய ஜப்பானிய தேசிய நூலகம் கைகொடுத்தது. அந்த அனுபவம் ஒரு நாட்டோடு நிற்கக் கூடாது. நனைந்த நூலில் இரண்டு மூன்று நாளில் பூசணம் கிளம்பும், அதற்குள் உறையவைத்தால் பிறகு நிதானமாக உலர்த்தலாம். கடலோர நகரங்களில் மீன் ஏற்றுமதிக்கான குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. ஒன்றோடு இன்றே ஒப்பந்தம் போட்டு வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் கிடங்கின் ஓராண்டு வெப்ப, ஈரப்பத அளவுகளை எடுத்து வாருங்கள். இரவு நேரமும் விடுமுறை நாளும் அதில் இருக்கட்டும். நன்றாக இல்லாவிட்டாலும் பொதுவில் வெளியிடுங்கள். நிதி அமைச்சகத்தில் உங்களுக்காகக் குரல் கொடுக்க எங்களைப் போன்ற வாசகர்களுக்கு அந்த எண்கள் வேண்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்