ஆறுதலுக்கா கற்றளி எடுத்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சோழ அரசியர் கட்டுரையில், 'கணவர் கண்டராதித்தர் மறைந்தபின் செம்பியன் மாதவி கோயில் பணிகளில் ஆறுதல் தேடினார்' என்று ஒரே வரியில் அந்த அம்மாளை அனுப்பிவைத்துவிட்டீர்கள்.

என் கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், 'கோயில் குளம் என்று போய்வா, மனசுக்கு ஆறுதலாக இருக்கும்' என்றார்கள். சரி என்று போனேன். அர்ச்சனைத் தட்டு வாங்கினேன், பிரகாரம் சுற்றினேன். ஆறுதல் தேடுவது என்றால் அதுதான். ஊர் ஊராகச் செங்கல் கோயிலைப் பிரித்துக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுத்துக் கட்டுவது அந்தக் கணக்கில் வராது.

அவர் அப்படி எடுத்த திருக்கோடிக்காவல் கோயில் தங்களுக்குத் தெரியாததா? பழைய கல்வெட்டுகள் அழியக் கூடாதென்று புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்து, 'இது பழங்கற்படி', அதாவது பழைய கல்லின் நகல், என்று குறிப்பும் போட்டிருக்கிறது. பல்லவர் காலத்துத் தானக் கணக்கைக்கூடத் தூக்கிப் போடாத நிர்வாகி அவர். (எங்கள் வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தொலைத்த அலுவலகத்தாரை அங்கே கூட்டிப் போக வேண்டும்.) கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுத்து, அவர் லிங்கத்தை வணங்குவதுபோல் சிற்பமும் வைத்தார். அரசி சொல்லிக் கோயிலைக் கட்டிக்கொடுத்தவரின் பெயர்கூட அங்குள்ள கல்வெட்டில் உண்டு. உங்கள் கட்டுரையில் பாதி இடத்தில் அரசிக்கே பெயரில்லை, 'உத்தம சோழனின் தாயார்' மட்டும்தான். 'கல்வெட்டும் உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார் என்றுதானே சொல்கிறது' என்பீர்கள். அதற்கு அடுத்தாற்போல் அவர் பெயரும் இருக்கிறது, ஐயா.

இது முதல் தடவையும் அல்ல. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிற, அவருடையது என்று பலரும் கருதும் செப்புப் படிமத்தின் படத்துக்கு முன்பொருமுறை 'நடன மங்கை' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. தீபாவளி மலரில் ராஜராஜனுக்குப் பன்னிரண்டு பக்கம். அவன் பெரிய கோயில் எடுக்கும் முன்பே காவிரிக் கரையெங்கும் கல் சுமக்க வைத்த பாட்டிக்கு ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. அவன் மகன் ராஜேந்திரனுக்கு அந்த நன்றி இருந்தது, 1019-இல் அவருக்குப் படிமம் செய்து வைத்தான்.

பன்னிரண்டு பக்கமெல்லாம் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் 'மாதேவி' என்று திருத்தம் போட்டால் போதும். மாதவி பூம்புகார்க்காரி.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்