பேர் ஆக்டோடு உள்ளே விடுங்கள்

சட்டக் கல்லூரித் தேர்வுகளுக்கு விதி வகுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். பாரிமுனையில் ஒரு சீனியரிடம் கேஸ் கட்டு தூக்கும் ஜூனியர் நான். படிப்பு முடிந்தது, அரியரும் இல்லை. தேர்வு ஹாலுக்குள் பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டப் பிரிவுகளை மட்டும் அச்சிட்ட புத்தகத்தை, அனுமதியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதனால் எனக்கு ஒரு மார்க்கும் கூடப்போவதில்லை.

குற்றவியல் பேப்பரில் ஒரு கேள்வி. டீக்கடையில் வாய்த்தகராறு. ஒருவன் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்து குத்திவிடுகிறான். இது கொலையா, அல்லது கொலைக் குற்றம் ஆகாத, தண்டனை குறைந்த மரணம் விளைவித்தலா? வீட்டுக்குப் போய்த் திரும்பியவனுக்குத் திடீர்ச் சண்டை என்கிற விதிவிலக்கு பொருந்தாது, எனவே கொலைதான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கடைசி வரியில், வருஷக்கணக்கான பழக்கத்தில், கொலைக்கான பழைய சட்டப் பிரிவு எண்ணான 302-ஐப் போட்டுவிட்டேன். எழுத வேண்டியது 103. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. ஆக, குத்திக் கொன்றவனை வாய்த்துடுக்குக்காரனாக்கி அனுப்பிவிட்டேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், அந்த எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேலே இருந்த இரண்டு பக்கத்தில் பேனா பட்ட தடயமே இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தேர்வு சோதித்தது எதை? 2024 ஜூலை 1 அன்று, 1860-இல் வந்த தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் போய் 358 வந்தன. தெருவில் திட்டுவதற்குக்கூடப் பயன்பட்ட 420 இப்போது 318. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னமும் பழைய சட்டம்தான். அதனால் சீனியர் மேசையில் இரண்டு புத்தகமும் கிடக்கின்றன. முப்பது வருஷ அனுபவக்காரர் அவர், புரட்டிப் பார்க்காமல் எண் சொல்வதில்லை. கோர்ட்டிலும் அப்படித்தான், "செக்‌ஷனைப் படிங்க" என்பார்களே தவிர ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள்.

இத்தனைக்கும், வக்கீல் தொழில் செய்ய பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நடத்தும் அகில இந்தியத் தேர்விலேயே பேர் ஆக்ட் கொண்டுபோகலாம். மொத்தம் 100 கேள்விகள். புத்தகத்தில் குறிப்புகள் மட்டும் இருக்கக் கூடாது. தொழிலுக்கான தேர்வில் மேசை மேல் இருக்கலாம் என்கிற புத்தகம், நான் படித்த கல்லூரியின் ஹாலில் வாசலோரம் பையோடு கிடந்தது.

ஓரத்தில் பென்சிலால் எழுதி வருவார்கள், நடுவில் பிட் வைப்பார்கள் என்பீர்கள். சரி, செய்வார்கள்தான். நானும் அந்தக் கூட்டத்தில் படித்தவன், தெரியாதா? மாணவர் புத்தகம் வேண்டாம். கல்லூரியே பிரதிகள் வாங்கி, முத்திரை குத்தி, ஹாலில் கொடுத்து, மணி அடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம், புத்தகம் கையில் இருக்கும்போது ஒரு பிரிவை அப்படியே எழுதச் சொல்லும் கேள்விக்கு அர்த்தமில்லை. கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு வேலை கூடும். டீக்கடைக் கத்தி மாதிரி நாலைந்து கதை யோசிக்க வேண்டும். அதையும் சேர்த்தேதான் கேட்கிறேன். எல்லாப் பேப்பருக்கும் ஒரேயடியாக வேண்டாம், அடுத்த செமஸ்டரில் குற்றவியல் பேப்பருக்கு மட்டும் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜூனியர் வக்கீல்,
சென்னை - 1