தை மாதத்துத் துலிப்

லெஸ்டர், இங்கிலாந்து, ஜனவரி 18

அன்புள்ள வசந்தி,

நீ பொங்கல் வாழ்த்து அனுப்பியும் நான் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, மார்ச்சில் வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

அந்த வாயால்தான் இந்தக் கடிதமே. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடையில் துலிப் கிழங்கைக் கால் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பார்த்துவிட்டுச் சும்மா வருகிற ஆளா நான்? நூறு கிழங்கு! பையைப் பார்த்ததுமே, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்ற ஊர்ல பொறந்துட்டு தை மாசம் நடுறியே" என்று ஆரம்பித்துவிட்டார். ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியே கொன்றவர் பட்டம் சொல்லித் தருகிறார்!

டாஃபடில் பூக்கிழங்கு என்றால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். அது சீக்கிரம் வேர்விடும், செப்டம்பரிலேயே நட்டுவிட வேண்டும். துலிப்புக்கு நவம்பர்தான் கணக்கு. முந்திக்கொண்டு நட்டால் துலிப் ஃபயர் என்று ஒரு பூஞ்சை வந்து இலையைப் பொசுக்கிவிடும். மண் குளிர்ந்த பிறகு அதன் ஆட்டம் குறைவு. மண் உறையாமல் இருந்து, கிழங்கும் கல்லுப்போல இருந்தால் ஜனவரியிலும் நடலாம். அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைத்தால் பையிலேயே வற்றிப் போகும்.

குழி தோண்டும்போது மண்வெட்டி பட்டு ஒன்று பிளந்துவிட்டது. வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் வெளிர்மஞ்சள் முளை. அதை நகத்தால் பிரித்தால் உள்ளே பூ, இதழும் மகரந்தத் தண்டும் எல்லாம் சின்னதாக! போன கோடையிலேயே உருவாகிவிடுமாம். இனி அதற்கு வேண்டியது குளிர்தான். பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல் குளிர் கிடைத்தால்தான் தண்டு நீளும். கடைக்குள் கதகதப்பாகக் கிடந்த கிழங்குக்கு இப்போதுதான் கணக்கே தொடங்குகிறது. ஏப்ரலில் பூக்க வேண்டியது மே மாதம் குட்டைத் தண்டோடு வரும், அவ்வளவுதானே? வரட்டும்.

கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் வேண்டும். இந்தக் களிமண்ணில் அதைத் தோண்டி என் இடுப்பு போயிற்று. மேலே கம்பிவலையும் போட்டிருக்கிறேன். இங்கத்து அணில் டாஃபடிலைத் தொடாது, விஷம். துலிப் என்றால் விருந்து.

அது கிடக்கட்டும். நீ வயலை மனைக்குக் கொடுக்கப் போகிறாயாமே? ராஜி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பிசான நெல்லுக்கு நாற்றே பாவவில்லையாம், அண்ணனுக்கு முட்டுவலியாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் பதில் போடாதவள்தான், அதற்காக இதையுமா மறைப்பாய்? விற்காதே என்று சொல்ல நான் யார். கடன் எவ்வளவு, யார் நெருக்குகிறார்கள், எனக்கு எதுவும் தெரியாது. அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து நமக்கு நுங்கு சீவிக் கொடுத்த வயல் என்பது மட்டும்தான் தெரியும்.

முன்பணம் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் கையெழுத்துப் போடுவதை மார்ச் வரை தள்ளிப்போட முடியுமா என்று அண்ணனிடம் கேள். பணம்தான் நெருக்கடி என்றால் கூச்சப்படாமல் எழுது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மறுக்க மாட்டார். வாய்தான் அப்படி.

உன்
பார்வதி