ஸ்வாஃபம் பிரையர் இரட்டை ஆலயச் சுற்றுமதில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தினர்களுக்கு,

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள நம் கிராமத்தில், புனித மரியாள் ஆலயத்துக்கும் புனித சிரியாக்–ஜூலிட்டா ஆலயத்துக்கும் பொதுவான கல்லறைத் தோட்டத்தின் சுற்றுமதில் திருப்பணி நிறைவுற்றதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே அனுப்பப்படுகிறது.

ஒரே வளாகத்தில் இரண்டு ஆலயங்கள் எதற்கு என்று நன்கொடை கேட்டுப் போன இடமெல்லாம் கேட்டார்கள். இடைக்காலத்தில் இவ்வூரில் இரண்டு பங்குகள் (தனித்தனி ஆலய நிர்வாகப் பகுதிகள்) இயங்கின. 1667இல் அவை இணைக்கப்பட்ட பிறகும் இரண்டு கட்டடங்களும் நிலைத்தன. அது நல்லதாகவே போயிற்று. கீழே சதுரமாகத் தொடங்கி, எண்கோணமாகி, மேலே பதினாறு பட்டையாக முடியும் மரியாள் ஆலயக் கோபுரத்தில் 1779இல் இடி விழுந்தபோது, சபையார் அதைக் கைவிட்டுப் பக்கத்து ஆலயத்துக்கு மாறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தச் சிரியாக் ஆலயத்தின் 15ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, மற்றதைப் புதிதாகக் கட்டினார்கள். பிற்பாடு மரியாள் ஆலயம் சீரமைக்கப்பட்டு வழிபாடு அங்கே திரும்பியதும், பாழடையும் முறை சிரியாக் ஆலயத்துக்கு வந்தது. அதை இன்று தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது.

இனி மதிலைப் பற்றி. சக்கிமுக்கிக் கல்லும், இப்பகுதியில் வெட்டியெடுத்த மென்மையான சுண்ணக்கல்லும் கலந்து கட்டிய இம்மதிலின் விரிசல்களை முந்தைய தலைமுறையினர் சிமென்டால் அடைத்திருந்தனர். உள்ளே இறங்கிய மழைநீர் சிமென்டைக் கடந்து வெளியேற வழியின்றிக் கல்லிலேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்த்தது. சிமென்ட் வரிகள் துருத்திக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே சுண்ணக்கல் விரல் புதையும் அளவுக்குக் குழிந்திருந்ததை வசந்தகாலப் பார்வையின்போது பலரும் கண்டீர்கள்.

ஈலி பேராயத்தின் அனுமதி பெற்று, சிமென்ட் முழுவதையும் கையுளியால் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து நிரப்பினோம். இயந்திரம் வைத்திருந்தால் வேலை விரைந்திருக்கும், கல்லும் கூடவே போயிருக்கும். புதுச் சாந்து மெல்ல இறுக வேண்டுமென்பதால் ஈரச் சாக்குகளால் மூடிவைத்தோம். உறைபனி பட்டால் அது பாழாகும். குளிர்காலம் முழுவதும் பணியை நிறுத்தியதற்கு வேறு காரணம் இல்லை.

மரியாள் ஆலயத்தின் முதல் உலகப் போர் நினைவுச் சாளரங்களுக்கு இத்தொகையைச் செலவிட்டிருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. நீர்மூழ்கிக் கப்பலையும் பீரங்கியையும் திருவசனங்களோடு சேர்த்துக் காட்டும் அச்சாளரங்களின் அருமையைக் குழு அறியும். ஆனால் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் மதில் சரிந்தால் கல்லறைகளும் சேர்ந்து சரியும் என்பதால் இதையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

மதிலில் ஐவிக்கொடி மீண்டும் படர்ந்தால் யாரும் பிடித்து இழுக்க வேண்டாம். வேரோடு சாந்தும் பெயர்ந்து வரும். அடித்தண்டை வெட்டிவிட்டு, கொடி காய்ந்த பின் அகற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்