புதுத் துப்பாக்கியும் கொஞ்சம் எண்ணெயும்

மண்டபம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏதோ நான்தான் கடைக்குப் போய் எடுத்துக் கொடுத்த மாதிரி. அங்கே டெக்சஸில் ராத்திரி டியூட்டி முடிந்து ஆளில்லாத பார்க்கிங்கில் நடந்து வருகிறவள் நீ. வேண்டுமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துவிட்டாய். சரி. இனி அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் எனக்குப் பேச்சு. போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதியைப் பேரன் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதுகிறேன். துடைக்க உட்காரும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்.

நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிக்கிறவனாக, இருந்த காலமெல்லாம் கையில் புழங்கியது 9 எம்.எம். 1ஏ பிஸ்டல். பெல்ஜியத்தில் 1935-இல் வந்த பிரவுனிங் ஹை-பவரைத்தான் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் அந்தப் பெயரில் செய்தார்கள். மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகுகிற தோட்டா அடுக்கில், 13 ரவுண்டு. அதில் ஒரு ஏற்பாடு உண்டு: மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாது. சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஒரு ரவுண்டு கிடந்தாலும் வெடிக்காது. நீ வாங்கியிருக்கும் க்ளாக் 19-இல் அது கிடையாது. மேகசின் மேசைமேல் இருக்கும், சேம்பரில் ஒரே ஒரு ரவுண்டு தங்கியிருக்கும், ட்ரிக்கரை இழுத்தால் சுட்டுவிடும். போதாததற்கு, மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடைக் கழற்றும் முன் ட்ரிக்கரை இழுத்தே ஆகவேண்டும், அதன் அமைப்பே அப்படி. துடைக்க உட்கார்ந்தவர்கள் சுவரையோ தங்கள் உள்ளங்கையையோ சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஆகவே வரிசை தவறக் கூடாது. முதலில் மேகசின். அப்புறம்தான் ஸ்லைடு. மாற்றிச் செய்தால், ஸ்லைடை இழுத்து சேம்பரில் இருந்ததை வெளியே தள்ளுவாய், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே ஏற்றிக்கொண்டு வந்துவிடும். அதற்கப்புறம் மேகசினை எடுத்து என்ன பயன்? மேகசினை எடுத்து, ஸ்லைடை இரண்டு மூன்று தடவை இழுத்து, பின்னால் பூட்டி நிறுத்து. சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார். தோட்டாப் பெட்டி, நிரப்பிய மேகசின் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் ட்ரிக்கரை இழுக்கும்போது குழல் வாய் செங்கல் சுவரையோ தடித்த புத்தக அடுக்கையோ பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஊர் வீட்டுச் சுவரெல்லாம் பலகையும் அட்டையும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்பதை யோசித்துத் திசையைத் தேர்ந்துகொள்.

கழற்றுவது எளிது. ட்ரிக்கரை இழுத்தபின் ஸ்லைடை ஒரு 3 மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, கைப்பிடியுள்ள அடிப்பாகமான பிரேமின் இரண்டு பக்கமும் தெரியும் சின்னப் பூட்டைக் கீழே அழுத்தினால் ஸ்லைடு முன்பக்கமாக வழுக்கிக் கழன்றுவிடும். அதிகம் இழுத்துவிட்டால் ட்ரிக்கர் மறுபடி முன்னே வந்து நிற்கும். அப்போது திரும்பவும் முதலிலிருந்து, சேம்பர் பார்ப்பது உட்பட. பிரேம், ஸ்லைடு, பேரல் என்கிற குழல், ஸ்பிரிங் என்று நான்கு பாகம் கையில் இருக்கும். அதற்குமேல் எதையும் கழற்றாதே. யூடியூபில் ஆணி போன்ற பின்களைத் தட்டிப் பிரிக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தேடாதே.

புதுசுதானே, எதற்குத் துடைக்க வேண்டும் என்று கேட்பாய். தொழிற்சாலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து உன் கைக்கும் வருகிறவரை துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புகிறார்கள். அது காக்கிற எண்ணெய், ஓடுகிற எண்ணெய் அல்ல. தூசியும் அட்டைப்பெட்டித் தூளும் அதில் ஒட்டியிருக்கும். பேரலுக்குள் அந்தப் பூச்சோடு சுடுவதும் நல்லதல்ல. அழுக்கைக் கரைக்கும் சால்வென்ட் நனைத்த துணியைப் பேரலின் பின்பக்கமிருந்து, அதாவது தோட்டா நுழைகிற பக்கமிருந்து தள்ளி, வாய்ப்பக்கம் வெளியே எடு. துணி வெள்ளையாகவே வருகிறவரை மாற்றி மாற்றிப் போடு. பிரஷ் போட்டால் முழுக்க வெளியே வந்த பிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்தித் திருப்பக் கூடாது. பட்டாளத்தில் துணித் துண்டைக் கயிற்றில் கட்டி இழுப்போம், புல்த்ரூ என்று பெயர். உனக்குக் கடையில் கம்பியும் பிரஷும் சேர்ந்த செட்டே கிடைக்கும்.

ஸ்லைடுக்கு உள்ளே செம்பு நிறத்தில் பசை மாதிரி ஒன்று இருக்கும். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிடாதே. அதைக் கம்பெனியே பூசி அனுப்புகிறது. துப்பாக்கி பழகி வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்றுதான் கையேட்டிலும் இருக்கிறது. தானாகத் தேய்ந்து போகட்டும்.

இனி எண்ணெய். இதில்தான் எல்லோரும் கை தாராளம் காட்டுவார்கள். உன் துப்பாக்கிக்கு மொத்தமே ஐந்தாறு சொட்டு போதும். ஸ்லைடின் இரண்டு பக்கக் காடிகளிலும் ஒவ்வொரு சொட்டு. பேரலின் வெளிப்புறம், அதன் மேல்தலை, ஸ்லைடின் மேற்கூரையில் பேரல் உரசுகிற இடம், இங்கெல்லாம் துணியில் தொட்டு ஒரு தடவு. கடைசியாக ஒரு சொட்டு, பிரேமின் வலது பின்மூலையில் ட்ரிக்கரோடு இணைந்த நீளத் தகடான ட்ரிக்கர் பாரின் முனை, கனெக்டர் என்ற சின்னத் தகட்டைத் தொடுகிற இடத்தில். மற்ற இடங்களை மறந்தாலும் இதை மறக்காதே. இங்கே காய்ந்திருந்தால் ட்ரிக்கர் கடினமாகும், பாகமும் தேயும்.

எண்ணெய் படக் கூடாத இடங்களும் உண்டு. தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடுகிற துளைக்குள் ஒரு சொட்டும் கூடாது. அங்கே எண்ணெய் போனால் கரியையும் தூளையும் சேர்த்துப் பிடித்துக் கூழாக்கி, ஸ்ட்ரைக்கரை மந்தமாக்கிவிடும். மேகசினுக்குள் கூடாது. தோட்டாமேல் கூடவே கூடாது, பின்னால் இருக்கிற, முதலில் தீப்பிடிக்கும் பிரைமருக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும். பேரலுக்குள் பூசினால் சுடும் முன் உலர்ந்த துணி விட்டு எடுத்துவிடு. வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறதே என்று அதை அடிக்காதே. ஈரத்தை விரட்ட அது நல்ல சரக்கு, ஆனால் உராய்கிற இரும்புக்கு நடுவே நின்று வேலை செய்யாது. துப்பாக்கிக்கென்றே விற்கிற, துடைக்கவும் வழுக்கவும் துருவைத் தடுக்கவும் உதவும் சி.எல்.பி. எண்ணெய் ஒரு சின்னக் குப்பி வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

உங்கள் கார்பஸ் கிறிஸ்டியும் கடற்கரை ஊர். அதனால் உப்புக்காற்றைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்போது இங்கே மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எல்லாம் கரையில் நின்று பெயின்ட் வாங்கிக்கொண்டிருக்கின்றன. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை உப்பு தின்றதை நீயே பார்த்து வளர்ந்தவள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். உப்புக்கு ஒரு குணம், காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் இரும்புமேல் ஈரம் நிற்பது அதனால்தான். க்ளாக் ஸ்லைடின் மேற்பரப்பு நன்றாகக் கடினப்படுத்தியது, லேசில் துரு ஏறாது. ஸ்பிரிங்குக்கும் சின்னச் சின்னப் பின்களுக்கும் அவ்வளவு தெம்பு இல்லை. உடம்போடு வைத்துக்கொண்டு வியர்த்தால் அன்றைக்கே வெளிப்புறத்தை ஒரு எண்ணெய்த் துணியால் துடைத்துவிடு. சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை திறந்து பார்.

திரும்பப் பூட்டியதும் ஒரு சோதனை. காலியாகவே ட்ரிக்கரை இழுத்து அப்படியே பிடித்துக்கொள். ஸ்லைடை முழுக்க இழுத்து விடு. இப்போது ட்ரிக்கரை மெல்ல விட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு முன்னே வரவேண்டும். வந்தால் சரியாகப் பூட்டியிருக்கிறாய்.

புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பழக்குவதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கார் ஆர்ம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பிஸ்டல்களுக்கு 200 ரவுண்டு சுட்ட பிறகே நம்பு என்று கையேட்டிலேயே எழுதுகிறது. உன்னுடையதற்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள் என்பது என் அபிப்பிராயம். கடைசல் போட்ட இரும்பில் கண்ணுக்குத் தெரியாத முரடு இருக்கும், ஒன்றோடொன்று உரசி அது மழமழப்பாக வேண்டும். புது இன்ஜின் இறக்கிய படகைக் கொஞ்ச நாள் அடக்கி ஓட்டுவார்கள் அல்லவா, அந்தச் சலுகை துப்பாக்கிக்கு இல்லை. முதல் ரவுண்டும் முழு வேகம்தான். அதனால் முதல் நாள் எண்ணெய் சரியாக இருப்பது முக்கியம்.

சின்னத் துப்பாக்கி என்றால் லேசு என்று நினைக்கிறார்கள். ஸ்லைடு சிறியது, எடை குறைவு, ஓடுகிற தூரமும் குறைவு. அதே 9 எம்.எம். தோட்டாவின் உதையை அதற்குள் அடக்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். ஸ்லைடை இரண்டு விரலால் கிள்ளி இழுக்கப் பார்த்தால் முடியாது. இடது கையால் மேலிருந்து ஸ்லைடைக் கவ்விப் பிடித்து, வலது கையால் பிரேமை முன்னுக்குத் தள்ளு. அந்த நேரத்தில் குழல் வாய் இடப்பக்கம் நிற்பவரைப் பார்க்கத் திரும்பும், அதில் கவனம்.

இதே காரணத்தால்தான் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சிக்கல் வரும். பிரேம் அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு முழு தூரம் பின்னே போகும். கையும் சேர்ந்து பின்னே போனால் ஸ்லைடு பாதியில் திரும்பி, வெளியேற வேண்டிய காலித் தோட்டாக் கூட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். துப்பாக்கி சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலருக்கும் கோளாறு மணிக்கட்டில்தான். தோள்வரை இறுக்க வேண்டாம், மணிக்கட்டைப் பூட்டினால் போதும்.

தோட்டா, பெட்டிக்கு 50 வருகிற செம்புப் போர்வை போட்ட சாதாரண எப்.எம்.ஜே. வாங்கு. குண்டின் எடையில் 115 கிரெயின், 124 கிரெயின் இரண்டும் கிடைக்கும். ஸ்பிரிங் புதுசாக இருக்கும்போது 124 கொஞ்சம் தெம்பாகத் தள்ளும். யாரோ வீட்டில் நிரப்பியது, மலிவாகக் கிடைத்தது என்று எதையும் போடாதே. செம்புப் போர்வை இல்லாத வெறும் ஈயக் குண்டு க்ளாக் பேரலுக்கு வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரே நாளில் 200-ஐயும் சுட்டுத் தீர்க்கவும் வேண்டாம். கை சோர்ந்தபின் சுடுவது துப்பாக்கியைச் சோதிப்பதாகாது. மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக்கொள், முதல் தடவை சுட்டு வந்ததும் கட்டாயம் துடைத்து விடு. கடைசியில், நிஜமாக நுனியில் குழிவுள்ள எந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவை வைத்துக்கொள்ளப் போகிறாயோ அதில் ஒரு பெட்டி சுட்டுப் பார். அது தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்பதுதான் உனக்குக் கடைசிக் கேள்வி.

மேகசின்களுக்கு அடியில் பெயின்டால் 1, 2 என்று எண் போடு. தடங்கல் வந்தால் எந்த எண்ணில் வந்தது என்று குறித்துக்கொள். ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி மேகசின். இரண்டிலும் மாறி மாறி வந்தால் உன் பிடியையோ துப்பாக்கியையோ பார்க்க வேண்டும். புது மேகசினில் 15-வது ரவுண்டை ஏற்ற விரல் வலிக்கும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் லோடரைப் பயன்படுத்து. 200 தாண்டியும் தொல்லை தீரவில்லை என்றால் கம்பெனிக்கு அனுப்பு. பாலிஷ் போட்டுத் தருகிறேன், ட்ரிக்கரை லேசாக்கித் தருகிறேன் என்று வருகிற நண்பர்களிடம் கொடுக்காதே.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டவை. ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதே, குழலை இலக்கு நோக்கியே வைத்து அரை நிமிஷம் பொறு. சில சமயம் தாமதமாக வெடிக்கும். இன்னொன்று, வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று மெலிதாகக் கேட்டால் அதோடு நிறுத்து. குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். ரேஞ்ச் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டு.

பிரைமரிலும் குண்டிலும் ஈயம் உண்டு. சுட்டபின்னும் துடைத்தபின்னும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அன்று போட்ட துணியைத் தனியாகத் துவை. துடைப்பது சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் 9 எம்.எம். பொதுமக்களுக்குக் கிடையாது, .32 குழல் அளவுள்ள துப்பாக்கி லைசென்ஸுக்கே கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் சொல்வார்கள். அங்கே கேட்க ஆளில்லை என்பதால் கட்டுப்பாடு உன்னிடமிருந்தே வரவேண்டும். டெக்சஸ் சட்டத்திலும், 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டால் வைத்தவருக்குத் தண்டனை உண்டு. அலமாரியின் மேல்தட்டு பூட்டு ஆகாது. பேரனுக்கு ஸ்டூல் இழுக்கத் தெரியும். இரும்புப் பெட்டி வாங்கி, திருகு போட்டுச் சுவர்க்கட்டையிலோ கட்டிலிலோ பொருத்திவிடு. உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பை போடு. தோல் உறையோடு சேர்த்து உள்ளே வைக்காதே, பதனிட்ட தோலில் உப்பும் ஈரமும் இருக்கும், ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டிவிடும்.

முதல் 50 சுட்டு முடித்ததும் எந்த மேகசினில் என்ன தகராறு வந்தது என்று எழுதி அனுப்பு. படம் எடுத்து அனுப்புவதானால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் காலி என்று எனக்குத் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அப்பா