தூக்கிக்கொண்டு ஓடவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ராணுவ வீரர் பற்றிய கட்டுரையில், ‘குண்டு மழையில் அடிபட்ட தோழரைத் தோளில் தூக்கிப் போட்டு நிமிர்ந்து ஓடினார்’ என்று ஒரு வரி. ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு அதைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

அடிபட்டவரை மீட்கும் முறையே வேறு. முதலில் பதிலுக்குச் சுட்டு, எதிரி தலை தூக்காதபடி செய்ய வேண்டும். பிறகு புகைக்குண்டு. அதைக் காற்று வீசி வரும் பக்கம் எறிந்தால்தான் எதிரிக்கும் நமக்கும் நடுவில் புகை படரும். அது அடர்த்தியாகச் சில நொடிகள் ஆகும். பொறுக்காமல் கிளம்புகிறவர் இரண்டாவது ஆளாக விழுவார். போய்ச் சேர்ந்ததும் தூக்குவதில்லை. தோள்வாரைப் பிடித்து, தலைப்பக்கமாக, தரையோடு தரையாக இழுப்பதுதான். கை காலில் ரத்தம் பீய்ச்சினால் மட்டும் அங்கேயே டூர்னிகெட், அதாவது ரத்தத்தை நிறுத்தும் இறுக்கக் கட்டு. மற்ற வைத்தியமெல்லாம் மறைவுக்கு வந்த பிறகே.

முதல் உலகப் போரில், 1916 ஜனவரி 13, மெசபடோமியாவில் (இன்றைய இராக்) சிப்பாய் சத்தா சிங் செய்ததைத் தாங்கள் அறிவீர்கள். வெட்டவெளியில் அடிபட்டுக் கிடந்த தம் கமாண்டிங் ஆபீசரின் காயத்தைக் கட்டினார். கையிலிருந்த சிறு மண்வெட்டியால் பள்ளம் பறித்தார். ஐந்து மணி நேரம், குண்டு வரும் பக்கம் தன் உடம்பைக் கொடுத்துப் படுத்திருந்தார். இருட்டிய பிறகே ஆள் கூட்டிவந்து மீட்டார். பிரிட்டிஷாரின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அதற்குத்தான். முந்தைய ஆண்டு பிரான்சில் கூர்க்கா வீரர் குல்பீர் தாபா, தாமும் காயம்பட்ட நிலையில், ஒரு பகலும் இரவும் காத்துக் கிடந்து, விடிகாலைப் பனிமூட்டத்தில்தான் காயம்பட்டவரை எதிரியின் முள்கம்பி வழியே கொண்டுவந்தார். அந்தக் காத்திருப்பை ஒரே வரியில் அழித்துவிட்டீர்களே!

இது முதல் முறையும் அல்ல. மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா, மேஜர் முகுந்துக்கு அசோக சக்ரா. இரண்டையும் மாற்றிப் போட்டதற்கு எழுதினேன், பதில் இல்லை. ஏற்காடு மலைப்பாதை விபத்தில், அடிபட்டவரைக் கைக்கு இருவர் காலுக்கு இருவராகத் தூக்கிக் காரில் மடித்துத் திணிக்கும் படத்தை ‘மனிதநேயம்’ என்று போட்டீர்கள். தண்டுவடம் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழந்துவிடும். வண்டி தீப்பிடிக்கும், உருளும் என்ற பயம் இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல், ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பதுதான் உதவி. கை காலில் அப்படியும் நிற்காவிட்டால், துண்டை மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்டி, குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கம்பியோ மெல்லிய கயிறோ சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பாவம் பார்த்து நடுவில் தளர்த்தினால், நின்ற ரத்தம் மறுபடி பீறிடும். ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். மூலையில் நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ மருத்துவ உதவியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.