113க்கும் ஜீரோவுக்கும் நடுவில்

அன்புள்ள வாலு,

எப்படி இருக்கிறாய்? குரூப் 4க்கு மறுபடி உட்கார்ந்துவிட்டாய் என்று அம்மா போனில் சொன்னாள். உன் வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். "என்னடி, டாக்டருக்குப் படிக்கப் போனவ கட்சிக்காரி ஆயிட்டியா? ஸ்டேட்டஸ் பூரா கருப்பு பேட்ஜும் அட்டையுமா இருக்கு" என்று சிரித்திருந்தாய். பதிலுக்கு ஒரு ஸ்மைலி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் ரெண்டு நாளாக அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. இன்றைக்கு எனக்கு ஆஃப். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, துணி துவைக்க முடியாது. அதனால் கடிதம்.

கட்சியெல்லாம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது அ.தி.மு.க. ஆட்சி. அதை இன்ஜினியரிங், விவசாயப் படிப்பு என்று நீட்டியது தி.மு.க. ஆட்சி. அப்பா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கும்பிடு போடுகிறார். ஓட்டு யாருக்கு என்று வீட்டிலேயே சொல்ல மாட்டார். ஆனால் ஒரு பைல் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்துதான் நான் இந்தப் படிப்புக்குள் வந்தேன். அதற்கப்புறம் அரசியல் எனக்கு வேண்டாம் என்று எப்படிடி சொல்வது?

நாம் நீட் எழுதிய 2020 செப்டம்பர் 13 ஞாபகம் இருக்கிறதா? மாஸ்க் போட்டுக்கொண்டு, உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை சென்டருக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். தமிழ் கேள்வித்தாளை நம்பலாமா என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். 2018ல் 49 கேள்விகளின் தமிழாக்கம் தப்பு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திய கதையைக் கெமிஸ்ட்ரி சார் நமக்குப் பாடமாகவே நடத்தியிருந்தாரே. நாம் எழுதி ரெண்டாம் நாள் சட்டசபையில் 7.5 மசோதா நிறைவேறியது. அக்டோபர் 16ஆம் தேதி ரிசல்ட் வந்தது. மசோதா மட்டும் ஆளுநர் மாளிகையிலேயே இருந்தது. கடைசியில் 29ஆம் தேதி அரசு தனியாக ஓர் அரசாணை போட்டது. மறுநாள் ஆளுநர் கையெழுத்தும் வந்துவிட்டது. அந்த ரெண்டு வாரம் நான் சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

அந்த வருடம் எங்களுக்கு ஒதுக்கியது 405 இடம், பல் மருத்துவத்தையும் சேர்த்து. எனக்கு 213 மார்க். உனக்கு 104. இடஒதுக்கீட்டுப் பிரிவில் வரும் நம்மைப் போன்றவர்களுக்குத் தேர்ச்சி 113. நேரு ஸ்டேடியத்தில் கவுன்சலிங்குக்கு நிற்கும்போது கூட அந்த ஒன்பது மார்க்தான் கண்ணில் நின்றது. ரெண்டரை கேள்வி கூட இல்லை, வாலு. நீதான் எனக்கு பயாலஜி சொல்லிக்கொடுத்தவள்.

இதை ஏன் கிளறுகிறேன் என்றால், 2023ல் நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு அறிவிப்பு வந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதும் முதுநிலை நீட்டுக்குத் தகுதி பர்சென்டைலை, அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தியிருக்க வேண்டும் என்ற அளவை, ஜீரோ ஆக்கிவிட்டார்கள். பரீட்சை எழுதியிருந்தால் போதும், மைனஸ் மார்க் எடுத்தவரும் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம். காலியாகக் கிடக்கும் சீட் நிரம்ப வேண்டுமாம். அன்று மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தகுதி, தரம் என்று ஐந்து வருடமாக நம்மிடம் பேசியது இந்த அளவுகோலைத்தானே? பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அது 113ல் நின்றது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பி.ஜி. (முதுநிலை) சீட் காலியாக இருந்ததும் தரை வரை இறங்கியது. என் ரூம்மேட் வேறு மாதிரி சொல்வாள்: "அவங்க ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணவங்கடி, அதுவே தகுதிதான்." அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பிளஸ் டூ பாஸ் பண்ணியது மட்டும் ஏன் தகுதி இல்லை என்று கேட்டேன். லைட்டை அணைத்துவிட்டாள்.

முதல் வருடம் பட்டதை உனக்கு நான் சொன்னதே இல்லை. வைவாவில், அதான் வாய்மொழித் தேர்வில், ஒரு எலும்பைக் கையில் கொடுத்து என்னவென்று கேட்டார்கள். தொடை எலும்பு என்று தமிழில்தான் வாயில் வந்தது. நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் வரை என் பெயரே "செவன் பாயின்ட்". ஆனால் அதே பேராசிரியர், பெயர் வேண்டாம், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு எலும்புக்கும் ரெண்டு மொழியிலும் பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னார். எங்கள் கட்டணத்தை அரசு கட்டுகிறது, அது பெரிய விஷயம். உள்ளே வந்த பிறகு முதல் ஆறு மாதம் கையைப் பிடித்து நடத்த ஓர் ஏற்பாடு வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது அந்தந்த வாத்தியாரின் மனசைப் பொறுத்தது. அப்புறம் இன்னொன்று, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். நம் ஊர் மாதாகோயில் ஸ்கூல் பிள்ளைகளும் நம்மோடு அதே ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள்தானே?

சரி, கருப்பு பேட்ஜுக்கு வருகிறேன்.

இப்போது பிரசவ வார்டு போஸ்டிங். போன மாதம் ஒரு ராத்திரி, டியூட்டி ஆரம்பித்து 27ஆவது மணி நேரம். ஏழாம் பெட் அக்காவுக்கு ரத்தம் எடுத்தேன், குரூப்பிங்குக்கு. குப்பியில் பெயர் எழுதினேன். டிரேயை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஸ்டாஃப் அக்கா குப்பியைப் பார்த்தார், எட்டாம் பெட்டைப் பார்த்தார். "பாப்பா, இந்தம்மா கையில பஞ்சே இல்லையே?" என்றார். ஏழாம் பெட்டின் ரத்தத்தில் எட்டாம் பெட்டின் பெயரை எழுதியிருந்தேன். அது அப்படியே லேபுக்குப் போய், அந்த ரிப்போர்ட்டை வைத்து யாருக்காவது ரத்தம் ஏற்றியிருந்தால்? குப்பியை அவரே வாங்கிக் கொட்டிவிட்டு, புதிதாக எடுக்கச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

மத்திய சுகாதார அமைச்சகம் 1992லேயே ஓர் உத்தரவு போட்டது: ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ச்சியான வேலை சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஜூனியர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம். முப்பது வருடம் கழித்துத் தேசிய மருத்துவ ஆணையம் 2023ல் கொண்டுவந்த முதுநிலை விதிமுறையில் அந்த எண்ணே இல்லை, "நியாயமான வேலை நேரம்" என்று இருக்கிறது. எண் இருந்தால் மீறினார்கள் என்று காட்டலாம். நியாயத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது? இதுவும் பி.ஜி.க்களுக்குத்தான். எங்களைப் போல், எம்.பி.பி.எஸ். கடைசியில் பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள் அவர்களுக்கும் கீழே.

அந்தப் போட்டோவில் நான் பிடித்திருந்த அட்டையைப் பெரிதாக்கிப் பார். மூன்றே வரி. ராத்திரி டியூட்டி முடிந்த மறுநாள் ஓய்வு, லேபுக்கு சாம்பிள் கொண்டுபோக ஓர் ஆள், பெண்கள் டியூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள். கடைசியைப் பார்த்து யாராவது சிரித்தால், 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட அந்தப் பெண் டாக்டர் எங்கே படுத்திருந்தார் என்று கேள். செமினார் ஹாலில். தாழ்ப்பாளுக்கு மட்டும் அனுமதி வந்திருக்கிறது. ஆசாரி இன்னும் வரவில்லை.

இதில் எனக்கே ஒப்பாத ஒன்றும் இருக்கிறது. அதே வருடம் நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் டாக்டரைக் கத்தியால் குத்தினார்களே, அம்மாவின் புற்றுநோய் சிகிச்சை சரியில்லை என்ற கோபத்தில் மகன் செய்தது. அப்போது நடந்த வேலைநிறுத்தத்துக்கு நானும் கோஷம் போட்டேன். ஓ.பி. வாசலில் ஒரு பாட்டி, சர்க்கரை மாத்திரைச் சீட்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்தவளாம். "எப்பம்மா தொறப்பாங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். தொண்டை அடைத்துக்கொண்டது. டாக்டரை அடித்தால் பத்து வருடம் வரை ஜெயில் என்று 2008லிருந்தே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. இன்னும் நாலு காவலாளி போட்டாலும் நல்லதுதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஐம்பது பேர் படுத்திருக்கும் வார்டில், "உங்கம்மாவுக்கு இப்ப என்ன நடக்குதுன்னா" என்று ஒரு மகனிடம் ஐந்து நிமிடம் நின்று பேச ஆள் இல்லை. நாங்கள் எழுதிய கோரிக்கை மனுவில் இதைச் சேர்க்கச் சொன்னேன். "அதெல்லாம் பாலிஸி மேட்டர், நம்ம பிரச்சினையை மட்டும் எழுது" என்று அடித்துவிட்டார்கள். எங்கள் சங்கத்திலேயே எனக்கு அரசியல் அதிகம் என்று பேச்சு!

உன் தங்கை நீட் எழுதலாமா, ரத்தாகிவிடும் என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். எனக்கும் இந்தத் தேர்வு வேண்டாம்தான். ஆனால் 2021ல் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவை 2022ல் ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டசபையில் மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதல்வரே சட்டசபையில் சொன்னார். அடுத்த மேடையிலும் ரத்து என்றுதான் பேசுவார்கள். அதை நம்பி அவளை உட்காரவைக்காதே. படிக்கட்டும். போராட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் பழைய புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள். பயாலஜி புத்தகத்தில் ஓரமெல்லாம் நீ பென்சிலில் எழுதின குறிப்பு இருக்கிறது. ஒன்றையும் அழிக்கவில்லை. அவளையும் அழிக்க வேண்டாம் என்று சொல்.

உன்,
செவன் பாயின்ட்